மாப்பிள்ளை படகில் இரண்டு மாதம்: போகலாமா?

கடைமடைக்காரன், தலைஞாயிறு

எல்லாருக்கும் வணக்கம். பொதுப்பணித்துறையில் 31 வருடம் வேலை பார்த்து வொர்க் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். அடப்பாறு, அரிச்சந்திரா நதி இரண்டிலும் என் கை படாத சட்ரஸ் (தண்ணீரை அடைத்துத் திறக்கும் மதகுக் கதவு) கிடையாது. வயது 64. சர்க்கரை இல்லை, முழங்கால் மட்டும் கொஞ்சம் முனகும். ஆற்றில் நீச்சல் அத்துப்படி. கடலில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை.

மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்து நார்ஃபோக் ஊர்ப்பக்கம் இருக்கிறார்கள். மாப்பிள்ளை போன வருடம் 34 அடி நீளத்தில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினார். வாங்கினார் என்று கேள்விப்பட்டபோது ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கத்தான் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால், வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் படகிலேயே குடியிருக்கிறார்கள். அக்டோபர் கடைசியில் கிளம்பி, கடலோரமாக உள்நாட்டுக்குள்ளேயே ஓடும் நீர்வழியில் தெற்கே புளோரிடா வரைக்கும் போகப் போகிறார்களாம். மெதுவாக, இரண்டு மாதம். "அப்பா, நீங்களும் வாங்க" என்று மகள் தினமும் போன் செய்கிறாள்.

வீட்டில் கேட்டேன். "குளிக்கிற இடத்தில் திரும்பி நிற்க முடியாத வீட்டுக்கு நான் வரமாட்டேன், நீங்க வேணும்னா போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

விசா கையில் இருக்கிறது. எனக்கு ஆசை இருக்கிறது. பயமும் இருக்கிறது. முதலாவது ஆழம். வழி முழுக்க 12 அடி ஆழம் என்று அரசாங்கமே சொல்லியிருப்பதாக மாப்பிள்ளை வரைபடம் அனுப்பினார். பேப்பரில் இருக்கும் 12 அடியை நான் நம்பமாட்டேன். எத்தனை எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்) எழுதியிருக்கிறேன்! ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்கு முன்னால் தூர்வாரினால், ஐப்பசி மழையில் பாதி மண் திரும்ப வந்து படுத்துக்கொள்ளும். அங்கே மட்டும் மண் வராதா? இவர்கள் படகு தண்ணீருக்குக் கீழே 5 அடி இறங்கியிருக்குமாம்.

மற்றதெல்லாம் சின்னக் கேள்விகள்தான், ஆனால் தூக்கம் வரவில்லை. குளிப்பது எப்படி? மற்றதுக்குப் போவது எப்படி? சோறு பொங்க முடியுமா, இரண்டு மாதமும் ரொட்டிதானா? உண்மையிலேயே போய் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மன்னை மைனர்

விசாவும் கிடைத்து, மாப்பிள்ளையும் கூப்பிட்டு, வீட்டம்மாவும் சரி என்று சொன்ன பிறகு எதற்கு ஐயா இணையத்தில் கேள்வி? கிளம்புங்க! எங்க மாமனார் பைக்கில் பின்னால் உட்காரவே யோசிக்கிறார்.

நாகூர் மரக்கலம்

அண்ணே, நான் போய் இருந்திருக்கிறேன். கப்பலில் இன்ஜின் ரூமில் 26 வருடம். ஓய்வுக்கு அப்புறம் மகனோடு அதே வழியில், அதே நார்ஃபோக்கிலிருந்து புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் வரை. மகன் படகும் உங்கள் மாப்பிள்ளை படகு மாதிரியேதான், 5 அடி இறக்கம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆழம் பற்றி நீங்கள் சந்தேகப்பட்டது சரி. நார்ஃபோக்கிலிருந்து மயாமி வரை அந்த நீர்வழி 1,095 மைல். கடல் மைல் இல்லை, தரை மைல். அந்த வழியில் அப்படித்தான் எண்ணுகிறார்கள். நார்ஃபோக்கில் எலிசபெத் ஆற்றில் 36 எண் போட்ட ஒரு சிவப்பு மிதவைதான் பூஜ்ஜிய மைல். பெரும்பகுதிக்கு 12 அடி என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் கடல் வாய் வந்து சேரும் இடமெல்லாம் மணல் வந்து படுக்கும். ஒரு புயல் வந்துபோனால் போன மாதத்து ஆழம் இந்த மாதம் இருக்காது. உங்கள் எம்-புக் கதைதான், பேனா மட்டும் வேறு ஆளுடையது. மாப்பிள்ளைகள் எல்லாரும் போனில் பார்த்துக்கொள்கிறார்கள், எந்த வளைவில் யார் தரைதட்டினார்கள் என்று அன்றன்றைக்கே வந்துவிடுகிறது.

கிளம்பியதும் இரண்டு வழி பிரியும். ஒன்று டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். 1793-இல் வெட்ட ஆரம்பித்து 1805-இல் திறந்தது, அடிமைகளாகப் பிடித்துவைத்திருந்த மனிதர்களை இடுப்பளவு சேற்றில் நிறுத்தி வெட்டியது. அதில் போகும்போது நம் பக்கிங்காம் கால்வாய் ஞாபகம் வந்தது; சென்னைக்குள் ஓடும் துண்டு 1877-78 பஞ்சத்தில் கஞ்சிக்கு வந்த ஜனங்கள் வெட்டியதுதான். டிஸ்மல் தண்ணீர் டிகாஷன் நிறம். மரப்பட்டையும் இலையும் ஊறிய சாயம், அழுக்கு இல்லை. ஆழம் 6 அடிதான், அடியில் மரக்கட்டை கிடக்கும், அடிக்கடி 'டொக்' என்று இடிக்கும். மாப்பிள்ளைக்கு மனசு திடமாக இருந்தால் அது, இல்லையென்றால் பக்கத்து வழி. இரண்டிலுமே உங்களுக்கு ஒரு விருந்து இருக்கிறது: லாக். இரண்டு சட்ரஸுக்கு நடுவில் படகை நிறுத்தி, பின்னால் மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ முன்னால் திறப்பார்கள். டிஸ்மலில் 8 அடி போலத் தூக்கிவிடும். நான் சும்மா வேடிக்கை பார்த்தேன். நீங்கள் போனால் அந்த லாக்கை இயக்குகிறவரிடம் ஷட்டரில் எங்கே கசிகிறது என்று சொல்லாமல் வரமாட்டீர்கள்.

குளியல். படகின் தொட்டியில் நல்ல தண்ணீர் 200 லிட்டர் சொச்சம்தான் இருந்தது, மூன்று பேருக்கு ஒரு வாரம். ஒரு சொம்பில் உடம்பை நனைத்து, சோப்பு போட்டு, இரண்டு சொம்பில் கழுவ வேண்டும். கோடையில் குழாயடியில் நின்ற நம் ஊர் ஆட்களுக்கு இது பெரிய விஷயமா? மற்றதுக்கு, சின்னக் கழிப்பறை உண்டு. அதிலிருந்து நேராகத் தண்ணீரில் விடக் கூடாது, கரையிலிருந்து 3 மைல் தாண்டினால்தான் சட்டம் விடும். அதனால் அடியில் ஒரு தொட்டி, வாரம் ஒருமுறை படகுத்துறையில் குழாய் போட்டு உறிஞ்சி எடுப்பார்கள். அந்தத் தொட்டி நிரம்பும் நாளைக் கணக்கு வைத்துக்கொள்ளும் வேலையை வீட்டுப் பெரியவரிடம்தான் ஒப்படைப்பார்கள். எனக்கு ஒப்படைத்தார்கள்.

சோறு தாராளமாகப் பொங்கலாம். ஊரிலிருந்து ஒரே ஒரு பொருள் கொண்டுபோங்கள்: 3 லிட்டர் பிரஷர் குக்கர். மூடி பூட்டிக்கொள்வதால் படகு எவ்வளவு ஆடினாலும் கொட்டாது. அடுப்பு இரண்டு பக்கமும் அச்சில் தொங்கும், படகு சாய்ந்தாலும் அடுப்பு நேராக நிற்கும். நான் தினமும் சோறும் மீன் ஆணமும் (குழம்பு) தான். தூண்டில் போட மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸ் வேண்டும் என்பதால் பாதி நாள் கடையில் வாங்கிய மீன். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். சமையல் முடிந்ததும் அடுப்புக் குமிழை மூடினால் போதாது, சிலிண்டரிலேயே மூட வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் வாசல் வழியாக வழிந்து போகவாவது இடம் உண்டு, படகில் கசிந்தால் அடிப்பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் ஒரு பொறி போதும்.

குளிரை யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். நவம்பர் காலையில் நாம் விட்ட மூச்சே கூரையில் தண்ணீராகச் சேர்ந்து நம் முகத்தில் சொட்டும். மெத்தைக்கு அடியில் ஈரம். கம்பளி இரண்டு, குரங்குக் குல்லா ஒன்று. ஜார்ஜியா பக்கம் போனால் குளிர் குறையும், அதற்குப் பதிலாகக் கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கடிக்கும். சாதாரணக் கொசுவலைக்குள் அது சாவகாசமாக நுழைந்து வரும்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

ஜார்ஜியாவில் கடல் ஏற்றவற்றம் 7 அடி, 8 அடி, சில நாள் 9 அடி. நம் நாகப்பட்டினத்தில் ஒரு மீட்டர்கூட வராது, அதனால் நமக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அங்கே ஓர் இடத்துக்கு 'லிட்டில் மட் ரிவர்' என்று பெயர். சின்னச் சேற்றாறு! பெயரிலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள். காலை ஒன்பது மணி, தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. பகல் 12 மணிக்குத்தான் முழு வற்று. மகன் சொன்னான்: "வாப்பா, இங்கேயே நங்கூரம் போட்டு மூன்று மணி வரைக்கும் இருப்போம். தண்ணீர் ஏறியதும் போகலாம்." நான் 26 வருடம் கப்பலில் இருந்தவன் இல்லையா? சூயஸ் பார்த்தவன், மலாக்கா பார்த்தவன். "மீட்டர் ஆறரை அடி காட்டுதுல்ல, ஐந்து போதும், விடு" என்றேன். அவனுக்கு முகம் மாறியது. வாப்பா சொல்லை மீறக் கூடாதே என்று விட்டான்.

ஒன்பதரைக்கு நின்றது. சத்தமே இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்கிய மாதிரி இறங்கி நின்றது. பின்னோக்கி இன்ஜின் கொடுத்தோம், சேறு கலங்கியதுதான் மிச்சம். அப்புறம் தண்ணீர் இறங்க இறங்கப் படகு சாய ஆரம்பித்தது. பத்தரைக்கு மேஜைப் பொருள் எல்லாம் தரையில். பதினொன்றரைக்கு நான் சுவரில் உட்கார்ந்திருந்தேன், மருமகள் கப்போர்டின் மேல் காலை ஊன்றிக்கொண்டிருந்தாள். வெளியே இரண்டு பக்கமும் பழுப்புச் சேறு, சிப்பிக் குவியல், கொக்கு. முத்துப்பேட்டை அலையாத்திக்குள் மாட்டிக்கொண்டாற்போல இருந்தது, மரம் மட்டும் இல்லை, புல். முழுப் படகிலும் அடுப்பு ஒன்றுதான் நேராக நின்றது. அதில் மருமகள் டீ போட்டுக் கொடுத்தாள்.

மகன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அஞ்சு மணி நேரம், சேற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். இரண்டரைக்கு அதுவாகவே எழுந்து மிதந்தது, யாரும் எதுவும் செய்யவில்லை.

அன்றைக்கு ராத்திரி நானாகவே சொன்னேன், "இனிமேல் நீ கேப்டன், நான் ஆயில்மேன்" என்று. அதற்கப்புறம் ஒரு மாதம் நல்லபடியாகப் போனது. அண்ணே, உங்களுக்கு 31 வருடத் தண்ணீர் அனுபவம். அதுதான் எனக்கு உங்களைப் பற்றிய பயம். ஆற்றைப் பார்த்ததும் வாய் வந்துவிடும். மாமனார் சொல்லை மாப்பிள்ளை மறுக்கமாட்டார், படகு மறுத்துவிடும்.

கடைமடைக்காரன், தலைஞாயிறு

பாய், ரொம்ப நன்றி. கடைசிப் பத்தியை வீட்டில் படித்துக் காட்டினேன். "இதைத்தானே நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்றேன்" என்கிறாள். இனி அவளுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு சந்தேகம். ராத்திரி தூங்கும்போது நங்கூரம் பிடித்துக்கொண்டே இருக்குமா? தண்ணீர் 8 அடி ஏறினால் கயிறு பற்றாமல் போகாதா?

நாகூர் மரக்கலம்

நல்ல கேள்வி, சட்ரஸ்காரர் கேட்கிற கேள்வி. போடும்போது ஆழம் 8 அடி என்றால் அதை மட்டும் கணக்கில் எடுக்கக் கூடாது. ஏற்றம் 8 அடி சேர்த்தால் 16, படகின் மூக்கு தண்ணீருக்கு மேல் 4 அடி, ஆக 20. அதற்கு ஏழு மடங்கு, 140 அடி சங்கிலியும் கயிறும் விட வேண்டும். காற்று இல்லாத ராத்திரி ஐந்து மடங்கு போதும். கனத்தால் மட்டும் நங்கூரம் பிடிப்பதில்லை. சங்கிலி தரையோடு படுத்து இழுக்கும்போதுதான் அது மண்ணைக் கவ்வும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டம் திசை மாறும்போது படகும் திரும்பும். முதல் இரண்டு ராத்திரி எழுந்து எழுந்து பார்ப்பீர்கள். மூன்றாம் ராத்திரி குறட்டை.

படகுத்துறையில் கட்டினால் படகின் நீளத்துக்கு அடிக்கணக்கில் வாடகை. நங்கூரம் போட்டால் பெரும்பாலும் காசு இல்லை. மாப்பிள்ளை எதை விரும்புவார் என்று சொல்லத் தேவையில்லை.

உப்பளத்து மகள்

நான் வேதாரண்யம் பக்கம், அகத்தியன்பள்ளி. இப்போது பள்ளிக்கூடத்தில் வேலை. இரண்டு பேரும் எழுதியதை ரசித்துப் படித்தேன், ஆனால் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லிக்கொள்கிறேன்.

படகில் குடியிருப்பது என்பது என் அப்பாவுக்கு வேலை. விசைப்படகில் தங்கல் போனால் நாலு நாள், ஐந்து நாள். ஐஸ் பெட்டிக்கு மேல் பலகை, அதுதான் படுக்கை. அவருக்கு 'மற்றதுக்கு' தனி இடமெல்லாம் கிடையாது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் மட்டும்தான் வீட்டில் பாயில் படுப்பார். அந்த முதல் வாரம் அவருக்குத் தூக்கமே வராது, தரை ஆடவில்லையே என்பார்.

அப்புறம், இதே மாதிரி ஒரு வழி நம்மிடமும் இருந்ததே! நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரைக்கும் கடலுக்கு இணையாக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கால்வாய். எங்கள் உப்பு அதில்தான் படகில் போனது என்று பாட்டி சொல்வாள். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய அதே எங்கள் ஊர் உப்பு. இன்றைக்கு அந்தக் கால்வாயில் பாதி ஆகாயத்தாமரை, பாதி நெய்வேலிக் காட்டாமணக்கு. ஐயா மாதிரி ஆட்கள் தூர்வாரியதாக எழுதிய எம்-புக் எல்லாம் எங்கே இருக்கிறதோ! (கோபிக்காதீர்கள் ஐயா, நீங்களே ஆரம்பித்தது.)

சரி, பயனுள்ளதாக ஒன்று சொல்கிறேன். வெறும் வயிற்றோடு படகு ஏறாதீர்கள், பழைய சோறோ இட்லியோ உள்ளே இருக்கட்டும். குமட்டல் வந்தால் உள்ளே போய்ப் படுக்கத் தோன்றும், போகக் கூடாது. வெளியே வந்து கரையை, தூரத்தில் இருக்கும் மரத்தைப் பாருங்கள். போனைப் பார்க்கவே பார்க்காதீர்கள். படுப்பதென்றால் படகின் நடுவில்.

நாகூர் மரக்கலம்

தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. அவள் சொல்லாமல் விட்டது ஒன்று: கால்வாய் என்றால் அலை இருக்காது என்று நினைக்காதீர்கள் அண்ணே. நார்த் கரோலினாவில் அல்பமார்ல் சவுண்ட் என்று ஒரு பரந்த நீர்ப்பரப்பு, ஆழம் குறைவு. காற்று எழுந்தால் அலை உயரமாக வராது, நெருக்கி நெருக்கி வரும், குத்திக் குத்தி. கோடியக்கரைக்குத் தெற்கே வாடையில் போனவர்களுக்கு அந்தக் குத்து தெரியும். மாப்பிள்ளை "இன்றைக்கு வேண்டாம், காற்று அடங்கட்டும்" என்றால் நன்றி சொல்லிவிட்டு இன்னொரு தூக்கம் போடுங்கள்.

இன்னொன்று, புயல். அங்கே ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். நிறையப் பேருக்கு இன்சூரன்ஸிலேயே இன்ன தேதிக்கு முன் இன்ன எல்லைக்குத் தெற்கே போகாதே என்று இருக்கும். அதனால்தான் அக்டோபர் கடைசி என்கிறார்கள். 2018-இல் நவம்பர் 16 விடியலில் கஜா நம் தலைக்கு மேல் போனதைப் பார்த்த நாம் இதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது.

கடைமடைக்காரன், தலைஞாயிறு

அம்மா, கோபமே இல்லை. வேதாரண்யம் கால்வாய் என் செக்‌ஷன் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அது ஆபீஸ் பதில். கஜா அன்றைக்கு ராத்திரி நான் சட்ரஸ் கொட்டகையில்தான் இருந்தேன், ஓடு ஒவ்வொன்றாகப் பறந்ததை எண்ணிக்கொண்டு. உங்கள் அப்பா அப்போது கரையில் இருந்தார் என்று நம்புகிறேன்.

டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். நேற்று மாப்பிள்ளை வீடியோவில் வந்தார். படகைச் சுற்றிக் காட்டினார், நான் படுக்கப்போகும் இடத்தைக் காட்டினார். கால் நீட்டினால் நங்கூரச் சங்கிலிப் பெட்டியில் இடிக்கும் போல. இன்ஜினைக் காட்டினார். ஒரு குழாய் இணைப்பில் ஈரம் தெரிந்தது. வாய் நுனி வரைக்கும் வந்தது, பாய். முழுங்கிவிட்டு, "நல்லா இருக்கு மாப்ளே" என்றேன்.

பக்கத்தில் இருந்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "அங்க என்ன தம்பி, தண்ணி கசியுது?" என்று கேட்டுவிட்டாள்.